ஆறு வற்றிய நாளில் விழுந்த கோட்டை

ஸ்ரீரங்கப்பட்டணம் போக நல்ல மாதம் எது என்று கேட்டால் பெங்களூரில் எல்லாரும் டிசம்பர் என்பார்கள். வெயில் உறைக்காது, ஆற்றிலும் தண்ணீர் இருக்கும். எங்களை அழைத்துப்போன ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரோ மே முதல் வாரம்தான் என்பதில் பிடிவாதமாக இருந்தார். "தண்ணி இல்லாதப்பதான் சார் அந்தக் கோட்டை எப்படி விழுந்துச்சுன்னு தெரியும்" என்றார். கன்னடக்காரர், அல்சூரில் வளர்ந்ததால் தமிழ் சரளமாக வந்தது. எட்டுப் பேர், ஒரு டெம்போ டிராவலர், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வண்டி புறப்பட்டதே ஒரு போர்க்களத்திலிருந்துதான். கே.ஆர். மார்க்கெட் பூ வியாபாரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில் பெங்களூர்க் கோட்டையின் மிச்சம் நிற்கிறது. 1791 மார்ச் 21 இரவு ஆங்கிலேயப் படை உடைத்து நுழைந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டும் அருகிலேயே இருக்கிறது. படைத்தலைவர் கார்ன்வாலிஸ். இங்கே வென்ற கையோடு அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடந்தார். மே 15 அன்று அரகெரேயில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் படையைப் பின்வாங்கவும் வைத்தார். ஆனால் அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. காவேரி பெருகியது. மறுகரையில் காத்திருந்த பம்பாய்ப் படையோடு சேர முடியவில்லை. வண்டி மாடுகள் செத்து விழுந்தன, அரிசி தீர்ந்தது. மே கடைசியில், அவ்வளவு தூரம் இழுத்து வந்த பெரிய பீரங்கிகளைத் தானே நாசம் செய்துவிட்டுத் திரும்பினார். கோட்டை எட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் குறுக்கே ஆறு நின்றது.

இந்த ஒரு சங்கதியை மனதில் வைத்துக்கொண்டு போனால் அந்த ஊர் வேறாகத் தெரியும் என்றார் ஆசிரியர். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

2023இல் திறந்த பத்து வழிச் சாலையில் ராமநகரம், சென்னப்பட்டணம், மண்டியா எல்லாம் பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டன. நாங்கள் வேண்டுமென்றே மத்தூரில் இறங்கி வடை தின்றோம். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் கரும்பு, தென்னை, அறுத்து முடிந்த வயல். எங்களோடு வந்தவர்களில் மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. ஜன்னலை விட்டுத் தலையைத் திருப்பவே இல்லை. "எங்க ஊருக்கு வர்ற தண்ணிதானே" என்று மட்டும் சொன்னான்.

முதலில் ரங்கனதிட்டு. காலை வெயில் ஏறுவதற்குள் படகில் உட்கார்ந்துவிட வேண்டும். வனத்துறைப் படகுக்காரர் துடுப்பைத் தண்ணீரில் சத்தமில்லாமல் விட்டு எடுத்தார். மஞ்சள் மூக்கு நாரைகள் மரத்துக்கு மரம் கூடு வைத்திருந்தன. குஞ்சுகள் கத்தும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா. ஒரு பாறையில் முதலை வாயைத் திறந்தபடி கிடந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில் படகு கடந்தது. கீழ்த்தாடைப் பல் ஒவ்வொன்றும் தெரிந்தது, வாயின் உட்புறம் வெளிறிய மஞ்சள். கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தது.

இந்தத் திட்டுகள் இப்படி ஆனதில் மனிதன் கையும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் காவேரிக்குக் குறுக்கே கட்டிய அணையில் தேங்கிய தண்ணீர்தான் பாறைகளையும் மேடுகளையும் தீவுகளாகப் பிரித்தது. பறவை வந்தது அதற்குப் பின்னால். 1940இல் பறவையியலாளர் சாலிம் அலி பார்த்துச் சொன்ன பிறகு மகாராஜா சரணாலயமாக அறிவித்தார். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆற்றை மறித்துக் கால்வாயில் திருப்பி வயலுக்கு விடும் வேலை ஸ்ரீரங்கப்பட்டணத் தீவைச் சுற்றிப் பல நூறு வருடமாக நடக்கிறது. பங்காரதொட்டி நாலா என்ற கால்வாயில் ஒரு கிளை ஆற்றுக்கு மேலேயே கல்தொட்டியில் பாய்ந்து தீவுக்குள் போகிறது. கல்லணையைப் பார்த்து வளர்ந்த எங்கள் பையன் படகிலேயே எழுந்து நின்றுவிட்டான். படகுக்காரர் அதட்டி உட்கார வைத்தார்.

தரியா தௌலத் பாக் 1784இல் திப்பு கட்டிய தேக்குமர மாளிகை. உள்ளே போட்டோ எடுக்க விடுவதில்லை, அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, நின்று பார்த்தோம். மேற்குச் சுவரில் ஒரு போர். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் நிற்க வேண்டிய சுவர் அது. ஏனென்றால் அந்தப் போர் நடந்தது காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று. ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை நாலாபக்கமும் வளைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது. பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலை வாயில் வைத்திருக்கிறார். அதே குழப்பத்தின் ஓரத்தில் திப்பு, ரோஜாவை முகர்ந்தபடி. குதிரைகள் வரிசை வரிசையாக ஒரே மாதிரி, சிப்பாய்களின் மீசையும் ஒரே மாதிரி. வரைந்தவர் பொறுமையை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. அந்தப் போரில் பிடிபட்டவர்களில் டேவிட் பெயர்டு என்ற ஸ்காட்லாந்துக்கார அதிகாரியும் ஒருவர். சுமார் 44 மாதம் இதே தீவில் விலங்கோடு கிடந்தார். பெய்லி 1782இல் சிறையிலேயே செத்துப்போனார். பெயர்டு திரும்பி வந்தார்.

மணி பன்னிரண்டரை. சாப்பாட்டுக்குப் போகலாம் என்று எல்லாரும் சொல்ல, ஆசிரியர் எங்களைக் கோட்டையின் மேற்குச் சுவருக்குக் கூட்டிப்போனார். சுவர் உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண்; 1907இல் மைசூர் அரசு எழுப்பியது. கீழே காவேரி. அகலமான ஆறு, ஆனால் பாதிக்கு மேல் பாறைதான் தெரிந்தது. பாறைக்கு நடுவே தண்ணீர் பிரிந்து பிரிந்து ஓடியது. ஒரு பெண்மணி புடவையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தார். கல் சுட்டது. தலையில் துண்டு போடாமல் நிற்க முடியவில்லை.

"1799 மே 4, இதே நேரம், இதே வெயில்" என்றார் ஆசிரியர்.

கார்ன்வாலிஸ் பட்ட பாடு அடுத்து வந்தவர்களுக்குப் பாடமாக இருந்தது. ஜெனரல் ஹாரிஸ் வேலூரிலிருந்து புறப்பட்டது பிப்ரவரி 14. மளவள்ளியில் மார்ச் 27 அன்று ஒரு சண்டை. (அதே மளவள்ளி வட்டத்துத் தொரெக்காடனஹள்ளியிலிருந்துதான் இன்று பெங்களூருக்குக் குடிநீர் ஏற்றுகிறார்கள்.) அங்கிருந்து யாரும் எதிர்பாராத சோசலேயில் ஆற்றைக் கடந்து, ஏப்ரல் 5 அன்று கோட்டைக்கு முன்னால் வந்து இறங்கினார்.

அன்று இரவே ஆர்தர் வெல்லஸ்லியை ஒரு தோப்பைப் பிடிக்க அனுப்பினார்கள். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே வெல்லஸ்லி. கும்மிருட்டு, அடர்ந்த தோப்பு, குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால். திப்புவின் ஆட்கள் வாய்க்கால் கரைக்குப் பின்னால் படுத்துச் சுட்டார்கள், ராக்கெட் விட்டார்கள். வெல்லஸ்லிக்கு முழங்காலில் அடி, ஆட்கள் சிதறிப்போனார்கள், சிலர் பிடிபட்டார்கள். மறுநாள் பகலில்தான் தோப்பு கைக்கு வந்தது. மன்னார்குடிப் பையன் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். "ராத்திரியில வாய்க்கால் வரப்பு தெரியாதவன் இறங்குனா அவ்வளவுதான் சார்."

ஹாரிஸுக்கு இரண்டு கவலை. ஒன்று, முகாமில் அரிசி சில நாளுக்குத்தான் இருந்தது. இன்னொன்று, குடகில் மழை பிடித்தால் இந்த ஆற்றில் இறங்கவே முடியாது. மே 3 அன்று சுவரில் ஆள் ஏறும் அளவுக்கு உடைப்பு விழுந்தது. மறுநாள் நண்பகல் தாண்டி ஒரு மணி வாக்கில், உச்சி வெயிலில் காவல் தளர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அகழிப் பள்ளங்களிலிருந்து எழுந்து ஆற்றில் ஓடினார்கள். முன்னால் நின்றவர் பெயர்டு. சில இடத்தில் கணுக்கால் ஆழம், சில இடத்தில் இடுப்பளவு. பாறையில் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு, குண்டு பட்டு விழுந்தவர்களும் உண்டு. சில நிமிடங்களில் உடைப்பின் உச்சியில் கொடி ஏறிவிட்டது.

நான் நின்ற இடத்திலிருந்து எதிர்க்கரை வரை கண்ணால் அளந்து பார்த்தேன். ஒரு பேரரசின் கதை அந்த அகலத்துக்குள் முடிந்திருக்கிறது. திப்புவின் அமைச்சர் மீர் சாதிக்கின் துரோகம் பற்றி ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் நான் படித்த எந்தப் பலகையிலும் ஆற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. 1791இல் காப்பாற்றியதும் 1799இல் கைவிட்டதும் இந்தத் தண்ணீர்தான் என்று அந்தத் தூணுக்குக் கீழே எழுதிவைக்க வேண்டும். எட்டு வருட இடைவெளியில் அதே மாதம், அதே ஆறு. ஒருமுறை மழை முந்தியது, ஒருமுறை படை முந்தியது.

திப்புவின் உடல் கிடைத்த இடம் அங்கிருந்து சற்றுத் தூரத்தில், வடக்குப் பக்கம் தண்ணீர் வாயிலுக்கு அருகே. ஒரு கல், சுற்றிக் கம்பி வேலி. மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போனார் என்பது வரலாறு. குடகிலும் மலபாரிலும் அவரை வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறார்கள்; அதையும் ஆசிரியர் மறைக்காமல் சொன்னார். ஓடாமல் நின்று செத்தார் என்பதில் மட்டும் எதிரிகளுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மறுநாள் கும்பஸ் என்ற கல்லறை மாளிகையில் தகப்பனார் ஹைதர் அலிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1806இல் அங்கே சிப்பாய்கள் எழுந்தபோது ஏற்றியது திப்புவின் கொடியைத்தான்.

மூன்று மணிக்குச் சாப்பாடு. பிறகு காவேரிக் கரையில் இருக்கும் படைவீரர் கல்லறைத் தோட்டம். முதலில் இலங்கையில் டச்சுக்காரர்களுக்குச் சேவகம் செய்து, 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறிய தெ முரோன் என்ற சுவிஸ் படைப்பிரிவின் ஆட்கள் இங்கே புதைந்திருக்கிறார்கள். போரில் செத்தவர்கள் மட்டும் அல்ல. வென்ற தீவில் குடியிருக்கப்போய்க் காய்ச்சலில் விழுந்தவர்கள் நிறைய. தேங்கிய தண்ணீர், கொசு. தாங்க முடியாமல் 1809இல் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அப்படிப் பிறந்ததுதான் பெங்களூர் கண்டோன்மென்ட். படையோடு தமிழ்ச் சிப்பாய்களும், சமையல்காரர்களும், கொத்தனார்களும், வியாபாரிகளும் வந்தார்கள். அல்சூரும் சிவாஜி நகரும் தமிழ் பேசுவதற்கு இந்தத் தீவின் காய்ச்சலும் ஒரு காரணம். எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் அந்த வழியில் வந்த குடும்பத்தினர். அவர்கள் கல்லறைகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றார்கள்.

சாயங்காலம் சங்கமம். தீவைச் சுற்றிப் பிரிந்த காவேரி கிழக்கு முனையில் மறுபடி சேருகிறது. பரிசலில் ஒரு சுற்று, கரையில் தர்ப்பணம் கொடுப்பவர்கள், மாங்காய்க் கீற்று விற்பவர்கள். அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில் மண்டியா பக்கம் ஒரு வெல்ல ஆலையில் நிறுத்தினோம். சாறு பிழிந்த சக்கையையே காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள். கொப்பரையில் சாறு கொதித்து அழுக்கு மேலே திரளும்போது சுண்ணாம்பும் வெண்டைச் செடியை நசுக்கி எடுத்த வழவழப்பும் சேர்த்து, நீளக் கரண்டியால் வழித்து எடுக்கிறார்கள். பாகு பதம் பார்க்கிறவர் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினார். உருண்டை நின்றதும் ஒரு சத்தம் கொடுத்தார். இரண்டு பேர் கொப்பரையைச் சாய்த்துத் தொட்டியில் கொட்டினார்கள். சூடான வெல்லத்தை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். இந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று அவர்களுக்கும் கவலை. "உங்களுக்கு எப்போ?" என்று கேட்டார்கள். "ஜூன் 12, மேட்டூர் திறக்கணும்" என்றான் எங்கள் பையன். கிருஷ்ணராஜ சாகர் அணை மட்டத்தைப் பற்றி இரு தரப்பும் அடிக்கணக்கில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் கன்னடத்தில், இவன் தமிழில்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மழை இறங்குவதற்குள், மே மாதத்திலேயே போங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பஸ் வேண்டாம், ஏழெட்டுப் பேர் போதும். பெரிய கூட்டத்தைக் கோட்டையின் மேற்குச் சுவருக்கு யாரும் கூட்டிப்போவதில்லை. சென்னையில் இருப்பவர்கள் அதற்கு முன் ஒருநாள் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூருக்குப் போய் வாருங்கள். தரியா தௌலத் சுவரில் வரைந்திருக்கும் போர் நடந்த மண் அது. ஆங்கிலேய அதிகாரிகளின் இரண்டு கல்லறைத் தூண்கள் இன்னும் அங்கே நிற்கின்றன.