நம்பர் வந்திருச்சா?

நான் இருக்கும் டல்லாஸ் பக்கத்தில் பிள்ளைகளின் மதிப்பெண் போனுக்கே வந்துவிடுகிறது. மகன் எழுதிய கணக்குப் பரீட்சையை ஆசிரியர் திருத்திய கையோடு ஏற்றிவிடுவார். ஆபீஸில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு வாங்கினான் என்பது மட்டும் தெரியாது, அதைக் கேட்பதும் மரியாதை இல்லை. ஒரு மாணவரின் மதிப்பெண்ணைப் பள்ளிக்கூடம் ஊரறியப் போடக் கூடாது என்று 1974-லேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம்தான். எந்தப் பிள்ளையும் நாலு பேர் முன்னால் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆனாலும் மே மாதம் பிறந்துவிட்டால் மனசு இங்கே நிற்க மாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளில் பிளஸ் டூ எழுதியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கல்லூரிச் சாலை டி.பி.ஐ. வளாகத்திலிருந்து ரிசல்ட் வெளியாகும் நாளை ஒரு வாரம் முன்பிருந்தே ஆளாளுக்கு ஒரு தேதியாகச் சொல்வார்கள். சோறு இறங்காது. கத்திரி வெயிலில் கரண்டும் போயிருக்கும். அம்மா எதுவும் கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் இருப்பதே பெரிய கேள்வியாக வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருக்கும்.

எங்கள் வருஷம் 1998. அந்த மே 11-ம் தேதிதான் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. எல்லாப் பேப்பரிலும் அப்துல் கலாமின் படம். அவர் படித்த எம்.ஐ.டி. எங்கள் தாம்பரத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, குரோம்பேட்டையில். "இங்கதான் படிச்சாரு, நம்ம குரோம்பேட்டைல" என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்கும்போது பெருமையாகவும் இருக்கும், அடிவயிறு கலங்கவும் செய்யும். எம்.ஐ.டி. கேட் ஸ்டாப்பிங்கில் 21ஜி நிற்கும்போதெல்லாம் அந்த வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டு போனது நான் மட்டுமாக இருக்க முடியாது.

அந்த நாட்களிலிருந்து முதலில் தொலைந்து போனது ஒரு சத்தம். பீச்சிலிருந்து வரும் மீட்டர் கேஜ் மின்சார ரயில் சானடோரியம் தாண்டித் தாம்பரத்துக்குள் நுழையும்போது எழுப்பும் சத்தம். 1931 முதல் அந்தத் தடத்தில் ஓடியது அந்த ரயில். எங்களுக்கு ரிசல்ட் அதில்தான் வந்தது. மாலைப் பேப்பர் கட்டு வந்து இறங்கப் போகிறது என்று மதியத்திலிருந்தே பிளாட்பாரத்தில் காத்திருந்தோம். ஒவ்வொரு வண்டியும் உள்ளே வரும்போது சிமென்ட் பெஞ்சு லேசாக அதிரும், பேச்சு நின்றுவிடும். மேலே விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. 2004-ல் மீட்டர் கேஜை எடுத்துவிட்டார்கள். அகல ரயில் வேகமாகப் போகிறது, இடமும் தாராளம். ஊருக்குப் போகும்போது ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் இல்லை.

பேப்பரை வாங்கியதும் யாரும் அங்கேயே பிரிக்க மாட்டோம். நடைமேம்பாலம் ஏறி இறங்கி, கிழக்குப் பக்கம், கார்டு மாமா வீட்டுத் திண்ணைக்கு ஓடுவோம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளின் நம்பரைப் பார்த்துச் சொல்வது அவர்தான். கூட்ஸ் வண்டியில் வேகன் நம்பர்களை எழுதி எழுதியே காலம் கழித்தவருக்கு எண்கள் பிடிபட்டிருந்தன. பேப்பரைத் திண்ணையில் விரித்து, நாலு மூலையிலும் ஆளுக்கொரு செருப்பை எடுத்து வைக்கச் சொல்வார். மை காயாத தாள். பொடி எழுத்தில், பத்தி பத்தியாக, பாஸானவர்களின் நம்பர் மட்டும். ஒரு போஸ்ட் கார்டை வரிக்கு அடியில் வைத்து மெல்ல இறக்கிக்கொண்டே வருவார். அவசரமே கிடையாது. முதல் மூன்று இலக்கத்தை ஒரு மூச்சில், அப்புறம் ஒரு நிறுத்தம், பிறகு கடைசி மூன்றை ஒவ்வொன்றாக. கொஞ்சம் கரகரப்பான, ஸ்டேஷன் பேர் சொல்வது போன்ற குரல். அந்த நிறுத்தத்துக்குள் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம், தெருப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நிற்பார்கள், அவரவர் வீட்டு வாசலில் அம்மாக்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பெரியவர்கள் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றி நிற்பார்கள், எங்களில் யாருடைய நம்பர் என்றுகூடத் தெரியாமல் எல்லோருக்காகவும் நிற்பார்கள்.

"வந்திருச்சு. அடுத்தவன் சொல்லு."

அந்தக் குரலை நான் எங்கேயும் பதிவு செய்து வைக்கவில்லை. அப்போது யாரிடம் இருந்தது அதற்கெல்லாம் கருவி.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். தபால்காரரோ, வாத்தியாரோ, மளிகைக்கடை அண்ணாச்சியோ. உங்கள் நம்பரை முதலில் பார்த்த கண்கள் யாருடையவை என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் நம்பர் வரவில்லை. மாமா அந்த வரியில் நின்றார். கார்டை ஒரு வரி மேலே ஏற்றி மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை. முந்தைய எண் இருந்தது, பிந்தைய எண் இருந்தது. "விடுங்க மாமா" என்றான் அவன். பாஸான நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. என் சட்டைப் பையில் தெருவுக்கே கொடுக்க வாங்கியிருந்த ஆசை சாக்லேட் வெயிலில் இளகிக்கொண்டிருந்தது. கடைசியில் மாமாதான் எழுந்தார். "செப்டம்பர்ல எழுதிடலாம்டா. ஒரு பேப்பராத்தான் இருக்கும்" என்று அவன் தோளில் கை வைத்தபடியே வீடு வரைக்கும் போனார். பின்னாலேயே நாங்களும். அவன் அம்மா எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள்.

மார்க் பள்ளிக்கூடத்தில் ஒட்டியபோதுதான் தெரிந்தது, பிசிக்ஸ் என்று. நோட்டீஸ் போர்டில் ஆறு பாடமும் கூட்டுத்தொகையும், யாருக்கும் ஒளிவு மறைவு இல்லாமல். அதன் முன்னால் இடித்துக்கொண்டு நின்று நடக்கும் அந்தப் பேச்சு இருக்கிறதே. "எவ்ளோடா?" "ஆயிரத்து நாப்பத்தாறு." "மேத்ஸ்?" "சென்டம் போச்சுடா, ஒரு மார்க்ல." "கட்-ஆஃப் போட்டியா?" ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே கணக்கு நடக்கும். மேத்ஸில் பாதி, பிசிக்ஸில் கால், கெமிஸ்ட்ரியில் கால், கூட்டினால் இருநூறுக்கு இவ்வளவு. நுழைவுத் தேர்வின் நூறும் சேர்ந்தால் முந்நூறுக்கு. பேனா ஒருத்தனிடம்தான் இருக்கும், அது சுற்றி வரும். தன்னுடையதைப் போட்டு முடித்தவன் அடுத்தவனுக்கும் போட்டுக் கொடுப்பான், தப்பாகக் கூட்டியிருந்தால் திருத்துவான். ஒப்பிடுவது கெட்ட பழக்கம் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பெற்றோர் செய்யும் ஒப்பீடு, அதில் எனக்கும் உடன்பாடு இல்லை. நாங்கள் செய்தது வேறு. யார் எங்கே போகப் போகிறோம், யாரோடு யார் இருக்கப் போகிறோம் என்று அந்தக் காகிதத்தில்தான் தேடிக்கொண்டிருந்தோம். கிண்டிக்குக் கவுன்சலிங் போனவர்கள் பாதி, கிறிஸ்தவக் கல்லூரியின் மரநிழலில் பி.எஸ்சி. விண்ணப்பத்துக்கு நின்றவர்கள் பாதி.

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. 2007-ல் நுழைவுத் தேர்வு போனது. 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தினார்கள், அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். 1200 என்பது 2019-ல் 600 ஆனது. 2021-ல் கொரோனாவால் தேர்வே இல்லை.

அந்த 2017-ல்தான் 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதா, நீட் வந்ததால் மருத்துவ இடம் கிடைக்காமல் செப்டம்பர் 1-ம் தேதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். செய்தியை ஆபீஸில் படித்தேன். பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். வருத்தப்பட்டார், நல்ல மனிதர். ஆனால் 1176 என்றால் என்ன என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நோட்டீஸ் போர்டில் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் எங்கள் பள்ளிக்கூடமே ஒரு நிமிஷம் வாயடைத்துப்போயிருக்கும் என்பதை எந்தப் பாஷையில் சொல்வது?

போன வருஷம் அக்கா மகனுக்கு ரிசல்ட். குடும்ப வாட்ஸ்அப்பில் 541 என்று ஒரு வரி. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். போன் போட்டேன். "யாருடா கூட இருந்தாங்க பாக்கும்போது?" "யாரும் இல்ல மாமா. ரூம்லதான் இருந்தேன். மெசேஜ் வந்துச்சு." அவனுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. என்னை மாமா என்று கூப்பிடுகிற பிள்ளை. அவன் நம்பரைப் படிக்க நான் அங்கே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் போன் மேல் போடவும் முடியவில்லை. பிசிக்ஸில் போன நண்பன் அந்தச் செப்டம்பரில் எழுதினான். ரிசல்ட் வந்தபோது நாங்கள் ஒருவரும் தாம்பரத்தில் இல்லை. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு ஹாஸ்டல். இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருந்தான்: பிளாட்பாரத்தில் தனியாக நின்று பேப்பர் வாங்கினேன், திண்ணைக்குப் போனேன், மாமா எனக்கு மட்டும் கார்டை வைத்து முதல் பத்தியிலிருந்து படித்தார், வந்திருச்சு. கலைந்துபோக ஆரம்பித்தது நாங்கள்தான், அப்போதே.

மாமா காலமாகிவிட்டார். திண்ணை இருந்த இடத்தில் மூன்று மாடி எழும்பி நிற்கிறது. தாம்பரம் 2021 முதல் மாநகராட்சி.

நண்பன் இப்போது பெருங்களத்தூரில் இருக்கிறான். அவன் பெண் இந்த வருஷம் பிளஸ் டூ. "ரிசல்ட் அன்னிக்கு வாடா, நாமளே கூட இருந்து பாக்கலாம்" என்றான் போனில். 2024-ல் மே 6-ம் தேதி வந்தது, 2025-ல் மே 8. இங்கே பள்ளிக்கூடம் மே கடைசியில்தான் முடியும். மகனை விட்டுவிட்டு வர முடியாது, லீவும் இல்லை. வந்ததும் சொல்லு என்றேன். நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான்.

"அனுப்பாத. போன் பண்ணிப் படி" என்றேன்.