ஆறா, ஏழா?

போன வாரம் ஓபியில் ஒரு அம்மா ரெண்டு ரிப்போர்ட்டை மேசை மேல வெச்சாங்க.

மகனுக்கு சில வருஷம் முன்னாடி எடுத்தது: பீட்டா சங்கிலியில் 6-வது இடம், குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். அரிவாள் செல் சோகை.

மகளுக்கு இப்போ எடுத்தது: அதே மாற்றம், ஆனா 7-வது இடம்.

"பாப்பாவுக்கு வேற நோயா சார்? அண்ணன் மாத்திரைய இவளுக்குக் குடுக்கல."

நாளைக்கு வாங்கம்மானு அனுப்பிட்டேன். உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் சந்தேகம்.

ராத்திரி ஹீமோகுளோபின் அமைப்புக் கோப்பு ஒன்றை (4ஹெச்ஹெச்பி) இறக்கிப் பார்த்தேன். ஏ, பி, சி, டி என நாலு சங்கிலி. ஏ, சி ஆல்ஃபா. பி, டி பீட்டா. ஒவ்வொன்றிலும் எண் திரும்ப 1-லிருந்து தொடங்கும். நாலு பிளாக் அபார்ட்மென்ட் மாதிரி. "6-ம் நம்பர் வீடு"னு மட்டும் சொன்னா எந்த பிளாக்? ஏ-வில் 6 அஸ்பார்டிக் அமிலம், பி-யில் 6 குளுட்டமிக் அமிலம். எண்ணோட சங்கிலி எழுத்தும் சேர்ந்தாதான் முகவரி.

சரி, பி-யில் 7?

அங்கேயும் குளுட்டமிக் அமிலம்!

இங்கதான் நான் விழ இருந்தேன். 7-ல் வேற எதாவது இருந்திருந்தா எண்ணிக்கை தப்புனு உடனே தெரிஞ்சிருக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கவே, 'ஓஹோ, இது புது மாற்றம்'னு தோணிடுச்சு.

நடந்தது இதுதான். உடல் இந்தப் புரதத்தை மெத்தியோனினில் தொடங்கி, பிறகு அதை வெட்டிடுது. பழைய ஆய்வாளர்கள் வெட்டின பிறகு எண்ணினாங்க. இந்தக் கோப்பும் அப்படித்தான். இன்றைய மரபணு ரிப்போர்ட் மெத்தியோனினையும் சேர்த்து 1-னு எண்ணுது. அதனால பழைய 6-தான் புது 7.

ரெண்டு ரிப்போர்ட்டின் ஓரத்திலும் மரபணு வரி ஒண்ணுதான்: 20-வது எழுத்து ஏ மாறி டி. அதை முதல்லயே பார்த்திருக்கணும். பார்க்கல.

மறுநாள் அவங்க வந்தாங்க. ரெண்டு தாள்லயும் சிவப்பு மையில் "ஒரே மாற்றம்"னு எழுதிக் கையெழுத்து போட்டேன்.

"அப்போ அண்ணன் மாத்திரையேவா சார்?"

"மருந்து அதேதாம்மா. அளவு மட்டும் பாப்பா எடைக்குத் தகுந்த மாதிரி. ரத்த டெஸ்ட்டுக்கு மட்டும் தவறாம கூட்டிட்டு வாங்க."