பழைய கணினியும் பாட்டியின் குரலும்

பழைய பொருள் என்றால் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது இன்று பலரது எண்ணம். எங்கள் வீட்டுக் கணினியையும் அவ்வாறே கைகழுவ இருந்தோம். அது 2012-இல் வெளிவந்த 21.5 அங்குல ஐமேக். திரையும் மற்ற உறுப்புகளும் ஒரே உடலில் அடங்கியது. பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்துக் களைத்த அது, கண்விழிக்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. ஒருநாள் உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசையும் எழுந்தது.

சகோதரிகள் இருவரும் பதறினோம். மறைந்த எங்கள் பாட்டி சொன்ன நாற்பது கதைகளை அதில்தான் பதிந்து வைத்திருந்தோம். வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை!

கோளாறு ஹார்ட் டிஸ்கில் என்று அறிந்தோம். அதனுள் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல, சிறு கை ஒன்று அதன்மேல் நகர்ந்து செய்தியைப் படிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. நமக்கு அது இமைப்பொழுதினும் குறைவுதான். ஆயினும் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேடும்போது அதுவே நிமிடங்களாகிவிடுகிறது. எஸ்.எஸ்.டி.யிலோ சுழல்வது எதுவுமில்லை. சில்லுகளில் மின்னூட்டமாகவே செய்தி தங்குகிறது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 50 தட்டுகள் இருந்தும் 50 இலட்சம் எழுத்துகளே அடங்கினவாம். நாங்கள் வாங்கிய எஸ்.எஸ்.டி.யோ உள்ளங்கையளவே இருந்தது!

முதலில் அதை யு.எஸ்.பி. உறையிலிட்டு, வெளியிலிருந்தே இணைத்துப் படியெடுத்தோம். இரவு முழுவதும் ஓடியது. விடிந்ததும் ஒவ்வொரு கதையையும் திறந்து கேட்டோம். முப்பத்தொன்பது வந்திருந்தன. ஒன்று மட்டும் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. எங்கள் கண்கள் கலங்கின.

பின்னர் மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திறக்க முனைந்தோம். “உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், மின்வழங்கிப் பகுதியைத் தொடாதீர்கள் பிள்ளைகளே!” என்று அப்பா எச்சரித்தார். கண்ணாடித் திரை ஓரங்களில் ஒட்டப்பட்டிருந்தது. பசையை அறுக்கும் சிறு சக்கரத்தை மெல்ல உருட்டினோம். மேலே நடுவில் காமிரா உள்ளதால் அங்கே மூச்சையடக்கிக்கொண்டோம்.

“அக்கா, கண்ணாடி உடைந்துவிடுமா?”

“பேசாமல் பிடி, தங்கம்!”

திரையைச் சற்றே சாய்த்து இரு கம்பிகளையும் கழற்றினோம். நட்சத்திர முனைத் திருகாணிகளை அகற்றி, பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தினோம். புதிய பசை நாடாவை ஒட்டுமுன், திரையைத் தற்காலிகமாக நிறுத்திச் சோதித்தோம். அரை நிமிடத்திற்குள் கணினி விழித்தது! அன்று மாலை பாட்டியின் குரல் கூடத்தில் ஒலித்தபோது, அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து நின்றார்.

வராத கதையை நாங்கள் இருவரும் நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறோம். பழைய டிஸ்கை எறியவுமில்லை. அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் இத்தகைய குரல்கள் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் வையாதீர்கள். இன்றே இன்னொரு படி எடுங்கள்!