கொம்பால் பிழைத்த பசு

ஐரோப்பாவில் மாட்டுச் சண்டை என்றால் பலருக்கும் ஸ்பெயின் நாட்டுக் காளையும் சிவப்புத் துணியும்தான் நினைவுக்கு வரும். அதே ஐரோப்பாவில், சுவிட்சர்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள வாலே மாநிலத்தில், பசுக்களுக்கு என்றே ஒரு போட்டி நடக்கிறது. களத்தில் மாட்டோடு மோத ஆள் இல்லை, கத்தி இல்லை, கயிறு இல்லை. இரண்டு பசுக்கள் நெற்றியோடு நெற்றி வைத்துத் தள்ளும். பின்வாங்குகிற பசு தோற்றது. அவ்வளவுதான் ஆட்டம். இதற்கு அந்த ஊர்ப் பெயர் ‘ராணிகளின் சண்டை’. ஆண்டுதோறும் மே மாதம் சியோன் நகரத்தை ஒட்டிய அப்ரோ என்ற ஊரில் நடக்கும் இறுதிப் போட்டியைப் பார்க்கப் பத்தாயிரம் பேருக்கு மேல் கூடுகிறார்கள்.

வாலே ஒரு மலைநாடு. நடுவே ரோன் ஆறு ஓடுகிறது. இருபுறமும் 4,000 மீட்டரைத் தாண்டும் பனிமலைகள். மழை மேகத்தை இந்த மலைகளே மறித்துவிடுவதால் அடிவாரப் பள்ளத்தாக்கு சுவிட்சர்லாந்திலேயே வறண்ட பகுதிகளில் ஒன்றாக இருக்கிறது. சியோனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். சுற்றிலும் பனிக்கட்டி, காலடியில் காய்ந்த மண். இந்த மண்ணில் திராட்சையும் ஆப்ரிகாட் பழமும் விளைவிக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் ‘பீஸ்’ எனப்படும் வாய்க்கால்கள். பனியாறு உருகி வரும் நீரை மலைச்சரிவில் பல கிலோமீட்டர் தூரம் கொண்டுவரும் இந்த வாய்க்கால்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு வெட்டப்பட்டவை. செங்குத்துப் பாறை குறுக்கிட்ட இடங்களில் மரத்தொட்டிகளைப் பாறையில் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கடத்தியிருக்கிறார்கள். யாருக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்ற முறையை மரக்குச்சியில் வெட்டுக்குறி போட்டு வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் முறையைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். மலை மேய்ச்சல் நிலத்தில் யாருக்கு எத்தனை மாடு விட உரிமை என்பதற்கும் இதே குச்சிக் கணக்குதான்.

இந்த ரோன் ஆற்றுக்குத் தெற்கே கிளைக்கும் பள்ளத்தாக்குகளில் ஒன்று எரான். அந்தப் பெயரிலேயே ஒரு மாட்டினம் இருக்கிறது. ஜெர்மன் பேசுவோர் எரிங்கர் என்பார்கள். கட்டையான உருவம், கருஞ்சிவப்பு, பழுப்பு அல்லது கறுப்பு நிறம், குட்டையான அகன்ற நெற்றி, தடித்த கழுத்து, உறுதியான கொம்பு. செங்குத்துச் சரிவில் ஆடு போல மேயும். ஆனால் பால் குறைவு. ஒரு ஈற்றுக்குச் சுமார் 3,000 கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும். அதே நாட்டில் ஹோல்ஸ்டீன் பசு தருவதில் இது பாதிகூட இல்லை. பால் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இந்த இனம் என்றைக்கோ கலப்பில் கரைந்து போயிருக்கும்.

தொழுவத்தில் புதிதாக ஒரு மாட்டைக் கொண்டுவந்து கட்டினால் என்ன நடக்கும் என்பது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். முட்டி மோதி, யார் பெரியவர் என்று முடிவானால்தான் அடங்கும். எல்லா இனத்திலும் உள்ள குணம்தான். எரான் பசுவிடம் அது மிகக் கூடுதல். ஜூன் மாதம் பனி விலகியதும், பல வீட்டு மாடுகளை ஒன்றாகச் சேர்த்து உயரத்தில் உள்ள மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுவார்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் தனித்தனியே நின்ற மாடுகள் அன்றுதான் ஒன்றையொன்று பார்க்கும். அன்றே சண்டை தொடங்கிவிடும். கடைசிவரை தோற்காத பசுதான் அந்த மந்தைக்கு ராணி. நல்ல புல் இருக்கும் இடத்துக்கு அதுவே முன்னால் போகும், மற்றவை பின்தொடரும். தம் வீட்டுப் பசு ராணியானால் குடும்பத்துக்கே பெருமை. அடுத்த ஊர் ராணியோடு மோதவிட்டால் எது ஜெயிக்கும் என்ற பேச்சு பிறக்காமல் இருக்குமா? 1920-களில் இது முறையான போட்டியாக உருவெடுத்தது.

இப்போது வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வட்டாரப் போட்டிகள் நடக்கின்றன. அக்டோபரில் மார்ட்டினி நகரத்தில் ரோமானியர் கட்டிய பழைய வட்ட அரங்கிலேயே ஒரு போட்டி உண்டு. பசுக்களை எடை போட்டுப் பிரிவு பிரிக்கிறார்கள். தலையீற்றுப் பசுக்களுக்குத் தனிப் பிரிவு, கிடேரிகளுக்குத் தனிப் பிரிவு. கொம்பு நுனியை மழுக்கிவிட்டு, விலாவில் வெள்ளைச் சாயத்தால் எண் எழுதி, ஒரு பிரிவின் பசுக்களை மொத்தமாகக் களத்தில் விட்டுவிடுவார்கள். இன்னாரோடு இன்னார் என்று யாரும் ஜோடி சேர்ப்பதில்லை. பசுவே எதிரியைத் தேர்ந்தெடுக்கும். தலையைத் தாழ்த்தும், முன்னங்காலால் மண்ணை வாரி முதுகில் எறியும், அடிவயிற்றிலிருந்து உறுமும். பல சண்டைகள் இதோடு முடிந்துவிடும். எதிரே நிற்பது திரும்பி நடந்துவிடும். மீறி மோதினால் சில நொடியும் ஆகலாம், பல நிமிடமும் ஆகலாம். கையில் கம்போடு சிலர் களத்தில் நிற்பார்கள். மோதத் தூண்டுவது அவர்கள் வேலை அல்ல. இரண்டு பசு மோதும்போது மூன்றாவது குறுக்கே வராமல் பார்ப்பது, தோற்றதைத் துரத்தவிடாமல் தடுப்பதுதான் வேலை. மோத மனமில்லாத பசுவை அப்படியே வெளியே கூட்டிப் போய்விடுவார்கள். கீறல், சிராய்ப்பு உண்டு. பெரிய காயம் அரிது.

இறுதி நாளில் எடைப் பிரிவு ராணிகள் தங்களுக்குள் மோதி, ராணிகளுக்கு எல்லாம் ராணியைத் தீர்மானிக்கின்றன. பரிசு என்ன என்று பார்த்தால் கழுத்தில் கட்டும் ஒரு பெரிய மணி. வேலைப்பாடுள்ள தோல் பட்டையோடு அதை வாங்கி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைப்பார்கள். பணம் வேறு வழியில் வருகிறது. பெயர் பெற்ற ராணியின் விலை சாதாரணப் பசுவைப்போல் பல மடங்கு. அதன் பெண் கன்றுக்கும் அப்படியே. காளைக்கு இங்கே சண்டை கிடையாது. ராணி ஈன்ற காளைக் கன்றைத்தான் பொலிகாளையாக வைத்துக்கொள்ளத் தேடுவார்கள். ஆக, காளையைத் தேர்ந்தெடுப்பதும் தாயின் நெற்றியை வைத்துத்தான்!

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்பசுக்களை வளர்ப்பவர்களில் பலர் முழுநேர விவசாயிகள் அல்ல. தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் நாலைந்து மாடுகளைக் கவனிக்கிறவர்கள். இந்தச் சிறு தொழுவங்கள் இருப்பதால்தான் பெரிய இயந்திரம் ஏற முடியாத சரிவுகளில் இன்னும் புல் அறுக்கப்படுகிறது, மேய்ச்சல் நடக்கிறது. மேய்ச்சல் நின்றால் சில ஆண்டுகளில் அங்கே புதர் மூடிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெற்றிக்குப் பலமும் எடையும் வேண்டும் என்பதால், சிலர் பாலையே மறந்து சண்டைக்கென்றே தீனி போட்டு வளர்க்கிறார்கள். பால் கறக்காமல் கன்றுக்கே விட்டுவிடுகிற தொழுவங்களும் பல. சின்ன உருவத்தோடு சரிவில் ஏறுவதுதான் எந்த இனத்தின் பலமோ, அதன் எடையை ஏற்றிக்கொண்டே போனால் அது பழைய எரான் பசுவாக இருக்குமா? போட்டி காப்பாற்றிய இனத்தைப் போட்டியே மாற்றிவிடக்கூடும். இந்தக் கேள்வியை அந்த ஊர்க்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் இன்று பெரும்பாலான பசுக்களுக்குக் கொம்பு இல்லை. கன்றிலேயே கொம்புக் குருத்தைத் தீய்த்துவிடுகிறார்கள். கட்டாமல் திறந்து விடும் கொட்டகையில் கொம்பு மாட்டுக்கு அதிக இடம் வேண்டும் என்பதே காரணம். கொம்பை விட்டு வைக்கும் விவசாயிக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும் என்று ஆர்மின் காப்பௌல் என்ற விவசாயி ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டினார். 2018 நவம்பர் 25 அன்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. 54.7 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எரான் பசுவின் கொம்புக்கு அந்த உதவித்தொகை தேவைப்படவில்லை. கொம்பு இல்லாவிட்டால் அதற்குக் களமே இல்லை. தீய்க்க யாருக்கும் மனம் வராது.

மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கிலும் இதே போட்டி உண்டு. அங்கே இறுதிச் சுற்று அக்டோபரில். களத்தில் இறங்கும் பசு சினையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இரண்டிரண்டாக மோதவிட்டு, தோற்றதை நீக்கிக்கொண்டே போகிறார்கள்.

செப்டம்பர் கடைசியில் வாலேயின் மந்தைகள் மலையிலிருந்து இறங்குகின்றன. கோடை முழுக்கக் கறந்த பால் மேலேயே பாலாடைக்கட்டியாகிவிடும். அவரவர் பசு கொடுத்த பாலுக்கு ஏற்பப் பங்கு பிரிப்பது பழைய வழக்கம். நெருப்பில் காட்டி, உருகும் மேல்பாகத்தை உருளைக்கிழங்கின் மேல் வழித்துச் சாப்பிடும் ராக்லெட் அந்த ஊரின் பாலாடைக்கட்டிதான். கீழே இறங்கும் ஊர்வலத்தில் சண்டையில் வென்ற ராணி பூ அலங்காரத்தோடு மணி குலுங்க வருகிறது. அதோடு இன்னொரு பசுவுக்கும் அதே மரியாதை உண்டு. அது ‘பால் ராணி’. அந்தக் கோடையில் மந்தையிலேயே அதிகம் கறந்த பசு.