குதிரை காட்டிய மலைநாடு

அயல்நாடு செல்வோருள் பலர் விமான நிலையத்தையும் விடுதியையும் கடைத்தெருவையும் கண்டு திரும்பி விடுகின்றனர். அந்நாட்டு மக்களின் வாழ்வோ, பல வேளைகளில், சாலை முடியும் இடத்திற்கு அப்பால்தான் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள லெசோத்தோ நாட்டில் மூன்று நாள்கள் குதிரைமீது பயணம் செய்தபோது நாங்கள் இருவரும் இதனை நன்குணர்ந்தோம்.

நாற்புறமும் தென் ஆப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறு முடியரசு அது. 1966ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. அதன் மிகத் தாழ்ந்த நிலப்பகுதியே கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைச் சிற்றூர்கள் பலவற்றுக்கு இன்றும் ஒற்றையடிப் பாதையே வழி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு வந்த குதிரை, குளிருக்கும் கரடுமுரடான பாறைகளுக்கும் பழகி, பசோத்தோ மட்டக்குதிரை என்னும் தனி இனமாயிற்று. உருவில் சிறியது; உறுதியில் பெரியது.

செமொன்கொங் என்னும் மலையூரிலிருந்து புறப்பட்டோம். ‘புகையின் இடம்’ என்பது அப்பெயரின் பொருள். அருகே 192 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மலெட்சுன்யானே அருவியின் நீர்த்திவலையே அந்தப் புகை. எங்கள் வழிகாட்டி, கம்பளி போர்த்திய ஒரு முதியவர், குதிரைகளும் அவருடையவையே. அந்நாட்டார் ஆடவரை ‘ந்தாதே’, அதாவது தந்தையே என்றும், பெண்டிரை ‘ம்மே’, அதாவது தாயே என்றும் அழைப்பர். நாங்களும் அவரை ‘ந்தாதே’ என்றே அழைத்தோம்.

அவர் கற்பித்த பாடம் எளியது. ஏற்றத்தில் உடலை முன்னே சாய்க்க வேண்டும். இறக்கத்தில் பின்னே சாய்க்க வேண்டும். கடிவாளத்தை இறுக்கலாகாது. எங்கே கால் வைப்பது என்பதைக் குதிரையிடமே விட்டுவிட வேண்டும். முதல் நாள் அஞ்சிய நாங்கள் மாலைக்குள் தெளிந்தோம். கல்லும் சரளையும் நிறைந்த சரிவில் எங்கள் கண்களைவிடக் குதிரையின் குளம்பே நம்பத்தக்கதாயிருந்தது.

இரண்டாம் நாள் விடியலில், நாங்கள் தங்கியிருந்த ஊரில் ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மருத்துவ நிலையம் நான்கு மணிநேரத் தொலைவில் இருந்தது. ஊர்க்குதிரைகள் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்குச் சென்றிருந்தன. முதியவர் எங்கள் குதிரைகளுள் ஒன்றை அவளுக்குக் கொடுத்து, தம் பேரனை உடன் அனுப்பினார். பின் எங்களிடம், “இன்று நீங்கள் நடக்க வேண்டும்” என்றார். அவர் எங்கள் இசைவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. எஞ்சிய குதிரைமீது மாறி மாறி ஏறியும் நடந்தும் அடுத்த ஊரை அடைந்தோம். மறுநாள் பேரன் திரும்பி வந்தான். குழந்தைக்கு மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் தணிந்துவிட்டது என்று அவன் சொன்னபிறகே முதியவர் காலை உணவில் கைவைத்தார்.

யாழ்ப்பாணத்திலும் தொண்டாற்றிய அமல மரித்தியாகிகள் சபையைச் சேர்ந்த யோசேப் ஜெரார்டு அடிகளார் 1862ஆம் ஆண்டு அந்நாட்டிற்குச் சென்றார். இத்தகைய பாதைகளில்தான் அவர் முதுமையிலும் குதிரையேறி நோயாளிகளைத் தேடிச் சென்றார். 1914இல் மறைந்த அவருக்கு, 1988இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தலைநகர் மசேருவிலேயே முத்திப்பேறு பட்டம் வழங்கினார். அம்மலைகளில் குதிரையின் முதற்பணி எது என்பதை அவர் வாழ்வும் காட்டுகிறது.

இத்தகைய பயணத்தை விரும்பும் வாசகர்களுக்குச் சில சொல்வோம். உங்கள் எடையை மறைக்காமல் முன்னரே கூறுங்கள். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் சுமையேற்றுவது தகாது. சேணத்தின்கீழ்ப் புண் உண்டா எனப் பாருங்கள். மிகச் செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடந்து செல்லுங்கள். கூலியைக் குதிரை உரிமையாளர் கையிலேயே கொடுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, நீங்கள் ஏறியிருக்கும் குதிரை அவ்வூரார்க்கு வண்டியும் மருத்துவ ஊர்தியுமாகும் என்பதை மறவாதீர்கள். அது உங்களுக்குச் சில நாள்கள் கடனாகக் கிடைத்தது. அவர்களுக்குத் தேவைப்படும்போது மகிழ்வுடன் இறங்கிக்கொள்ளுங்கள்.