எஞ்சின் நின்றால் படகு மிதக்கும்

கடலே இல்லாத கோயம்புத்தூரில் குடியிருப்பவர்களுக்கு மீன்பிடிப் படகைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். 2018-ஆம் ஆண்டு மே மாதம் வரை நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நொய்யலில் வெள்ளம் வந்தால் பாலத்தின்மேல் நின்று பார்ப்பதற்கு அப்பால் எங்களுக்கும் நீருக்கும் உறவு இருந்ததில்லை. ஆயினும் பழைய விசைப்படகு ஒன்றை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு சொல்லும் பொறுப்பு எங்கள் தலைமேல் வந்தது. அதில் நாங்கள் செய்த பிழையையும் கற்ற பாடத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். படகு வாங்காத குடும்பங்களுக்கும் இதில் ஏதேனும் பயன் இருக்கலாம்.

எங்களைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. எங்களில் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் சிங்காநல்லூரில் ஆயில் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை நடத்தியவர். மற்றவர் அதே பட்டறையின் கணக்கையும் குடும்பத்தின் கணக்கையும் ஒருசேரப் பார்த்தவர். கொங்கு நாட்டில் எஞ்சின் என்பது வீட்டு உறுப்பினர் போன்றது. கவலை இறைத்து மாடும் மனிதரும் களைத்துப் போன கிணற்று மேடுகளில் ஆயில் எஞ்சின் வந்து நின்ற நாள்களை எங்கள் பெற்றோர் திருநாள்போல் நினைவுகூர்வார்கள். 1932-இல் பைக்காரா மின்சாரம் பிறந்து கோவையின் ஆலைகளையும் வார்ப்படப் பட்டறைகளையும் வளர்த்தது. ஆனாலும் மின்கம்பி எட்டாத தோட்டங்களில் நெடுங்காலம் தண்ணீர் இறைத்தது ஆயில் எஞ்சின்தான். பழைய எஞ்சினை விலைபேசும்போது முதலில் அதன் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பட்டறையின் பாலபாடம். வாங்குபவர் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பாத குறையை மறைக்கிறார்கள் என்று பொருள்.

எங்கள் தங்கையின் மகள் செவிலியாகத் தூத்துக்குடிக்கு வேலைக்குச் சென்று, அங்கேயே கடற்றொழில் செய்யும் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். மருமகன் பதினான்கு ஆண்டுகள் பிறருடைய விசைப்படகில் டிரைவராக இருந்தவர். சொந்தப் படகு என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார்.

"மாமா, ஒரு படகு விலைக்கு வருது. 18 இலட்சம் சொல்றாங்க. எஞ்சினை நீங்க வந்து பாத்துச் சொன்னா எனக்கு மனசு நிம்மதி."

அந்த 18 இலட்சத்தில் பாதிக்கு மேல் கடன். எஞ்சியதில் எங்கள் வைப்புத்தொகை 4 இலட்சமும் பெண்ணின் நகைகளும் சேர்ந்திருந்தன. பல்லடம், தாராபுரம், மதுரை வழியாக இரவுப் பேருந்தில் பயணமானோம்.

மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு வங்கக் கடற்பகுதியில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும் காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். 2017-க்கு முன்பு இது 45 நாள்களாக இருந்தது. துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நின்றன. சில கரையேற்றப்பட்டு, பலகை மாற்றுவதும் வண்ணம் பூசுவதுமாக இருந்தன. பழைய படகு வாங்க நினைப்பவர்க்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்று பின்னர்தான் அறிந்தோம். உடம்பின் எந்த மறைவிடத்தையும் அப்போது பார்க்கலாம்.

பார்க்க வேண்டிய படகு நீரில் மிதந்து கொண்டிருந்தது. புது வண்ணத்தில் மணப்பெண்போல் இருந்தது. நேராக எஞ்சின் அறைக்குள் இறங்கினோம். கையை வைத்தோம், எஞ்சின் குளிர்ந்தே இருந்தது. ஓட்டச் சொன்னோம், இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. புகைபோக்கியைக் கவனித்தோம். கரும்புகை நிலைத்து நின்றால் டீசல் முழுதும் எரியவில்லை. தெளிப்பான் கெட்டிருக்கலாம், அல்லது காற்று போதாமல் இருக்கலாம். நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாவிட்டால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. இவற்றுள் எதுவும் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தோம். ஆவி குபுகுபுவென்று மேலெழவில்லை. அளவுக்கோலில் எண்ணெய் கறுத்திருந்ததே தவிர, தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்திருக்கவில்லை. உப்புநீர் நேரடியாக எஞ்சினுக்குள் ஓடாமல், நன்னீர் உள்ளே சுழல, கடல்நீர் வெளியே நின்று அதைக் குளிர்விக்கும் அமைப்பு இருந்தது. கடலில் எஞ்சினின் ஆயுளைக் கூட்டுவது அதுவே.

படகைக் கரையோடு கட்டியபடியே கியரைப் போட்டு வேகத்தைக் கூட்டச் சொன்னோம். வேகம் ஏறியபோது தரையில் மெல்லிய நடுக்கம் ஒன்று தோன்றியது. எஞ்சினைத் தாங்கும் கட்டையின் போல்ட் தளர்ந்திருக்கும், இறுக்கினால் சரியாகிவிடும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். காது கேட்டது, கருத்து ஏற்கவில்லை.

மேலே, எங்களில் கணக்குப் பார்த்தவர் கடதாசிகளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார். பதிவுச் சான்றில் உள்ளவரே விற்பவரா, எஞ்சின் எண் ஒத்திருக்கிறதா, மீன்வளத்துறை உரிமம் நடப்பில் உள்ளதா, படகின்மேல் தீராத வங்கிக் கடன் உண்டா, வரிவிலக்கு டீசல் பெறும் புத்தகம் இருக்கிறதா, தொழிலாளர்க்குக் கொடுத்த முன்பணம் யார் கணக்கில் நிற்கிறது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. "எஞ்சின் தங்கம்" என்றோம் கீழிருந்து. "காகிதமும் சுத்தம்" என்றோம் மேலிருந்து. மருமகனின் முகம் மலர்ந்தது. எங்கள் வாக்கை நம்பி அன்று மாலையே 1 இலட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது மருமகனின் தாயார் கேட்டார்:

"பலகையை யாரு பாத்தா?"

யாரும் மறுமொழி சொல்லவில்லை. அந்த அம்மையார் கணவரைக் கடலில் இழந்தவர். அதற்கு முந்தைய நவம்பரில்தான், 2017-இல், ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடற்கரையையும் கேரளத்தையும் தாக்கி, கடலுக்குப் போன மீனவர் பலரைத் திரும்பாமலே செய்திருந்தது. கடற்கரை வீடுகளில் அந்தத் துக்கம் ஆறாத நேரம். சோற்றைப் பரிமாறிக்கொண்டே அவர் அமைதியாகச் சொன்னார்:

"எஞ்சின் நின்னா படகு மிதக்கும் அண்ணாச்சி. பலகை போச்சுன்னா எஞ்சினும் சேந்துதான் போகும்."

அதற்கு மேல் எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவரே ஓடாவி ஒருவரை அழைத்து வந்தார். படகு கட்டும் தச்சரைக் கடற்கரையில் ஓடாவி என்பார்கள். எழுபதைக் கடந்த முதியவர். கையில் ஒரு சிறு சுத்தியலும் குத்தூசியும் மட்டுமே. எஞ்சின் அறையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியின் அடியில் இருந்த பலகையைப் பெயர்க்கச் சொல்லி, கைவிளக்கோடு உள்ளே தவழ்ந்தார். சற்று நேரத்தில் வெளியே வந்து, படகைக் கரையேற்றினால் ஒழிய மேற்கொண்டு பேச மாட்டேன் என்றார். விற்பவர் முணுமுணுத்தார். கரையேற்றும் கூலியை நாங்கள் கொடுப்பதாகச் சொன்ன பிறகு இசைந்தார்.

அன்று பிற்பகல் முழுவதும் அந்த முதியவரின் பின்னால் பள்ளிப் பிள்ளைகளைப்போல் நடந்தோம். சுத்தியலால் ஒவ்வொரு பலகையையும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல மரம் கணீரென்று விடையளித்தது. அடிப்பகுதியை நெருங்கியபோது ஒலி பொத்தென்று விழுந்தது. அங்கே குத்தூசியை அழுத்தினார். வண்ணத்தையும் பூச்சையும் தாண்டி அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே குண்டூசித் தலையளவுத் துளைகளே தெரிந்தன. உள்ளே கப்பற்புழு மரத்தைக் குடைந்து கூடாக்கியிருந்தது. ஆணிகளைச் சுற்றித் துருக்கறை கசிந்து மரம் கறுத்திருந்ததையும் காட்டினார்.

ஐஸ் பெட்டிக்கு அடியில் இரண்டு வங்குகள் இற்றிருந்தன. வங்கு என்பது படகின் விலா எலும்பு. கடலில் மிதக்கும் மரத்தைக் கடல்நீர்தானே அழிக்கும் என்று நினைத்திருந்தோம். மரத்தை அழுகவைப்பது பெரும்பாலும் நன்னீர் என்றார் ஓடாவி. உப்பு மரத்தை ஓரளவு காக்கும். ஐஸ் உருகிய தண்ணீரும் மேல்தட்டில் தேங்கும் மழைநீரும் இடுக்கில் புகுந்துவிட்டால் உள்ளிருந்தே அழுகும். பலகை இணைப்புகளில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பத்து வேலை பல இடங்களில் பிதுங்கி நின்றது. அதன்மேல் மாவுப் பூச்சும் புது வண்ணமும் பூசியிருந்தார்கள்.

கடைசியாக, முன் அணியத்திலிருந்து பின் அணியம் வரை, படகின் முதுகெலும்பாகிய ஏராவை ஒட்டி ஒரு நூலை இழுத்துக் கட்டினார். நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தது. ஏரா வளைந்திருந்தது.

"நேத்து எஞ்சினை ஓட்டும்போது நடுங்கலையா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

நடுங்கியது. முதுகு வளைந்தால் எஞ்சினும் சுழல்தண்டும் ஒரே கோட்டில் நில்லா. வேகம் ஏறும்போது தண்டு உதைக்கும். முப்பத்தைந்து ஆண்டு எஞ்சின் அறிவுக்குக் கிடைத்த அந்தச் செய்தியை, வெறும் போல்ட் தளர்ச்சி என்று நாங்கள் தள்ளிவிட்டோம். எங்களுக்குத் தெரிந்ததன் பெருமை தெரியாததை மறைத்துவிட்டது. அந்தப் படகில் எட்டுப் பேர் கடலுக்குப் போயிருப்பார்கள். அந்த எண்ணிக்கையை நினைத்து அன்றிரவு இருவரும் உறங்கவில்லை.

முன்பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதாக இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இருவர் நடுநின்று பேசிய பிறகு 90,000 ரூபாய் கைக்கு வந்தது. குறைந்த 10,000 ரூபாயை எங்கள் கணக்கில் ஏற்றுக்கொண்டோம். மருமகன் வேண்டாம் என்றார். அது எங்கள் வாக்கின் விலை என்று சொல்லி அவர் கையில் வைத்தோம்.

விசைப்படகு நம் கரைகளுக்குப் பழையதன்று. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாகக் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய திட்டமே எஞ்சின் பொருத்திய மீன்பிடிப் படகுகள் பரவ வழிவகுத்தவற்றுள் முதன்மையானது. துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த காலத்தில் மரத்தையும் காற்றையும் அறிந்தவனே கடலோடி. எஞ்சின் வந்த பிறகு, அதன் ஓசையில் மயங்கி மரத்தை மறக்கும் ஆபத்தும் கூடவே வந்தது. இன்று கண்ணாடியிழைப் பூச்சிட்ட படகுகளும் இரும்புப் படகுகளும் பெருகிவிட்டன. கண்ணாடியிழையிலும் தட்டிப் பார்த்தால் பூச்சு மரத்தை விட்டுப் பிரிந்த இடம் ஒலியில் தெரியும். இரும்பில் தகட்டின் கனத்தை அளவுக் கருவியால் அளந்து பார்க்கிறார்கள். கருவி மாறினாலும் முறை மாறவில்லை: நீரைத் தடுத்து நிற்பது எதுவோ அதை முதலில் பார்க்க வேண்டும்.

பிற்பாடு, அவ்வாண்டுத் தீபாவளி கழிந்த சமயத்தில் வேறொரு படகு கிடைத்தது. சற்றுச் சிறியது, வண்ணம் வெளிறியது, நீலப்புகை கக்கும் எஞ்சின். விலையும் 5 இலட்சம் குறைவு. இம்முறை ஓடாவி முதலில் போனார். தட்டினார், குத்தினார், நூல் பிடித்தார். "உடம்பு உறுதி, மூச்சுதான் வாங்குது. அது உங்க பாடு" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். கோயம்புத்தூரிலிருந்து உதிரிப் பாகங்களை மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பிஸ்டன் வளையங்களையும் தெளிப்பான்களையும் மாற்றி, சுழல்தண்டின் இணைப்பை இடைவெளித் தகட்டால் அளந்து நேராக்கினோம். புரொப்பெல்லரைக் கையால் தூக்கி ஆட்டிப் பார்த்து, தேய்ந்திருந்த பின்தாங்கியையும் புதிதாகப் போட்டோம். பதினாறு நாள் வேலை. எஞ்சினைக் கழற்றி மாட்டலாம். வளைந்த முதுகை யார் நிமிர்த்துவது?

பழையதை வாங்க நேரும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. படகானாலும் வீடானாலும் வண்டியானாலும், நமக்குத் தெரிந்த பகுதியை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்ததாக எண்ணிவிடுகிறோம். தெரியாத பகுதிக்குத் தெரிந்தவரை அழைத்து வந்து, அவர் பார்க்கும் வரை பணத்தை மடியில் வைத்திருப்பது நல்லது. புது வண்ணத்தைக் கண்டால் மகிழ்வதற்கு முன் ஏன் என்று கேட்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கேட்கும் எளிய கேள்விக்குக் காது கொடுக்க வேண்டும்.

முதல் நாள் அந்தப் படகு கடலுக்குப் புறப்பட்ட விடியற்காலையில் நாங்களும் கரையில் நின்றோம். எஞ்சின் ஓசை தேய்ந்து மறையும் வரை எங்களில் ஒருவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக் கொண்டிருந்தார். மருமகனின் தாயாரோ ஓசையைக் கேட்கவில்லை. படகின் அடிப்பலகை நீரில் எப்படி அமர்ந்து போகிறது என்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.