நெல்லிக்குப்பம் மொட்டை மாடியிலிருந்து... கேட்குதா? ஓவர்!

பொங்கல் சமயத்தில் நெல்லிக்குப்பத்துக்குப் போனால் ஊரை மூக்கே கண்டுபிடித்துவிடும். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி, வரக்கால்பட்டைத் தாண்டும்போதே கரும்புப் பாகும் புகையும் கலந்த அந்த வாசம் ஜன்னல் வழியாக வந்துவிடுகிறது. 1842-ல் தொடங்கிய பாரி சர்க்கரை ஆலைதான் ஊரின் அடையாளம். ஆலை வாசலை நோக்கிக் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்க, பின்னால் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கழியை உருவ முடியுமா என்று நோட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் உருவியிருக்கிறேன்.

வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம், கிழக்கே கொஞ்ச தூரத்தில் வங்கக் கடல். அழகான இருப்பிடம்தான். ஆனால் மழைக்காலத்தில் இந்த மூன்றுமே மிரட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தபோது, பெண்ணையாற்றின் கரையோர ஊர்கள் பட்ட பாட்டை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

இந்த முறை நான் போனது கரும்புக்காக இல்லை. சித்தப்பா வீட்டு மொட்டை மாடிக்காக.

அதற்கு 2011 டிசம்பர் 30-க்குப் போக வேண்டும். அன்று காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. சித்தப்பா அப்போது மின்வாரியத்தில் இருந்தார். கம்பம் நடக் கிளம்பியவர் எங்கே இருக்கிறார் என்று சித்திக்குத் தெரியாது. சித்தி எப்படி இருக்கிறார் என்று சென்னையில் இருந்த எங்களுக்குத் தெரியாது. போன் போட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற அதே குரல். மூன்றாம் நாள், அந்தத் தெருவிலிருந்து எப்படியோ சென்னைக்கு வந்து சேர்ந்த ஒருவர் சொல்லித்தான் எல்லோரும் நலம் என்று தெரிந்தது. அந்த மூன்று நாளில் அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

செல்போன் கோபுரங்கள் எல்லாம் விழுந்துவிட்டதா என்றால், இல்லை. நின்றுகொண்டிருந்த கோபுரத்துக்கும் கரன்ட் வேண்டும். கரன்ட் போனால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் டீசல். மரம் விழுந்து சாலை அடைபட்டால் டீசல் வராது. கேபிள் அறுந்தால் அதுவும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு சித்தப்பா செய்த முதல் வேலை, ஹாம் ரேடியோ பரீட்சை எழுதியது. அடுத்து அவர் மகன், என் தம்பி. மூன்றாவதாக நான். இப்போது எட்டாவது படிக்கும் தம்பி மகள் தயாராகிக்கொண்டிருக்கிறாள். 12 வயது முடிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எழுதலாம். மத்திய அரசின் ‘சரல் சஞ்சார்’ தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் விதிமுறை. தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் ‘கட்டு கடா’ எல்லாம் தேவையில்லை. பாஸ் பண்ணினால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயர்!

“அத்தை, எனக்கு ஏற்கெனவே வாக்கி டாக்கி இருக்கு” என்று அவள் ஒரு ஜோடியை நீட்டினாள். வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்த பரிசு. பின்பக்கம் 446 மெகா ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. ஐரோப்பாவில் இதை உரிமம் இல்லாமல் பேசலாம்; இந்தியாவிலும் பேசலாம், ஆனால் ஒப்புதல் பெற்ற, சக்தி குறைந்த செட்டாக இருக்க வேண்டும். சித்தப்பா பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். பேத்திக்கு முகம் சுருங்கிப்போனது.

இது நிறையப் பேர் மாட்டிக்கொள்கிற இடம். ஆன்லைனில் மலிவாக வாக்கி டாக்கி கிடைக்கிறதே என்று வாங்கிவிடுகிறோம். அது எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா என்று பெட்டியில் இருக்காது. இதனால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைக்குத் தனி வழிகாட்டுதலே கொண்டுவந்தது. நம் ஊரில் உரிமம் இல்லாமல் பேச வேண்டுமென்றால் 27 மெகா ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள சிட்டிசன் பேண்ட், இந்த 446, அல்லது 865 முதல் 868 வரையிலான செட்டுகள். அதிலும் சக்திக்கு வரம்பு உண்டு. வாங்கும் முன் அலைவரிசை என்ன, ஈ.டி.ஏ. ஒப்புதல் இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் நகர்ந்துவிடுங்கள்.

சரி, மொட்டை மாடிக்கு வருவோம். தென்னை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் துணி காயப்போடும் கொடி மாதிரி ஒரு கம்பி. நீளம் சுமார் 20 மீட்டர். சித்தி அதில் ஒருமுறை போர்வையைக் காயப்போட்டுவிட்டார். அந்தக் கதை வேண்டாம். இந்தக் கம்பியில் 7 மெகா ஹெர்ட்ஸில் பேசினால் அலை வானத்துக்கு ஏறி, அயனி மண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கீழே இறங்கும். காலை காபியோடு உட்கார்ந்து மதுரையோடும் பெங்களூரோடும் சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத் குழுவினர் அந்தமானிலிருந்து செய்தி சொன்னதும் இப்படி வானத்தில் பட்டுத் திரும்பும் அலையில்தான். வானொலி ஆர்வத்துக்காகத் தீவுக்குப் போனவர்கள், சுனாமி வந்ததும் தீவுக்கே தபால்காரர்கள் ஆனார்கள்.

கையில் வைத்திருக்கும் செட் வேறு ஜாதி. அதன் அலை வானத்தில் பட்டுத் திரும்பாது, நேராகத்தான் போகும். பூமியோ உருண்டை. அதனால் எவ்வளவு வாட்ஸ் என்பதைவிட எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்குங்கள். அத்தனை கிலோமீட்டர் எட்டும். தரையில் நிற்பவருக்கு ஐந்து. பத்து மீட்டர் மாடிக்கு 13. முப்பது மீட்டர் கோபுரத்துக்கு 22. பேசும் இருவருடைய கணக்கையும் கூட்டிக்கொள்ளலாம்.

நான் செட்டை எடுத்துக்கொண்டு கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனேன். மாடியிலிருந்து சித்தப்பா, மணலிலிருந்து நான். கணக்குப்படி 18 கிலோமீட்டர் எட்ட வேண்டும்; இருப்பது ஏறக்குறைய 13தான். கூப்பிட்டேன். ‘ஷ்ஷ்ஷ்’ என்று இரைச்சல், நடுவில் ‘...ல...க்குதா...’ என்று உடைந்த குரல். இடையில் ஒரு முழு நகரமும், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பும் இருப்பது கணக்குக்குத் தெரியாதே!

இப்போது தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு கேப்பர் மலைக்குக் கிளம்பினான். மலை என்று பெயர்தான், செம்மண் மேடு. ஆனால் இந்தத் தட்டையான நாட்டில் அதுவே இமயமலை. அங்கே நின்று அவன் கூப்பிட்டான். பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுவது போலக் கேட்டது. சித்தப்பாவுக்கும் அப்படியே. சித்தப்பா சொல்வதைக் கேட்டு அவன் எனக்குச் சொன்னான். நான் சொன்னதை அவருக்குச் சொன்னான்.

ரிப்பீட்டர் என்பது இதுதான். தம்பி செய்ததை உயரத்தில் இருக்கும் ஒரு பெட்டி செய்கிறது. ஒரு அலைவரிசையில் காது கொடுத்து, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்கிறது. 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான பேண்டில் இந்த இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோ ஹெர்ட்ஸ். அதனால் உங்கள் செட்டிலும் கேட்பதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று என்று செட் பண்ண வேண்டும். பெரும்பாலான ரிப்பீட்டர்களுக்கு ஒரு ‘டோன்’ உண்டு. காதுக்குத் தெரியாத மெல்லிய ரீங்காரம்; அது கூட வந்தால்தான் கதவு திறக்கும். ‘ரிப்பீட்டர் எனக்குக் கேட்குது, நான் பேசினா யாருக்கும் கேட்கலை’ என்று புதிதாக வருகிறவர்கள் புலம்பினால் பத்துக்கு ஒன்பது தடவை இந்த டோன்தான் காரணம். ஆளாளுக்கு ஒன்று மாட்டிவிடவும் முடியாது. அதற்குத் தனி உரிமம் வேண்டும். பேட்டரி இல்லாத ரிப்பீட்டர், டீசல் தீர்ந்த செல் கோபுரத்துக்குச் சமம் என்பதையும் மறக்கக் கூடாது.

மணலில் நின்றுகொண்டு சித்தப்பாவிடம் வாங்கிய திட்டுகளையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். பட்டனை அழுத்திய கையோடு பேசினேன். முதல் சொல் போகவில்லை. அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேச வேண்டும். ரிப்பீட்டர் என்றால் இது இன்னும் முக்கியம், அது கண் விழிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கடல் இரைச்சலுக்காகக் கத்தினேன். குரல் கரகரத்துப் புரியாமல் போனது. நான்கு விரல் தள்ளி வைத்து, சாதாரணமாகப் பேசினால் போதும். செட்டைப் படுக்க வைத்துப் பிடித்திருந்தேன். ஆன்டெனா நேராக வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து பேசாதீர்கள், அது இரும்புப் பெட்டி, இறங்கி நில்லுங்கள். பட்டன் தெரியாமல் அழுந்தியபடி பைக்குள் கிடந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. நான் அதையும் செய்தேன். ஐந்து நிமிடம் என் துப்பட்டா உரசும் சத்தத்தைத் தம்பி கேட்டிருக்கிறான்.

மின்னல் அடித்தால் மாடி ஆன்டெனாவைக் கழற்றிவிடுவது சித்தப்பா வீட்டில் சட்டம். அதைவிட முக்கியமான சட்டம் ஒன்று சமையலறை கேலண்டரில் எழுதியிருக்கிறது. புயல் நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் செட்டை ஆன் செய்ய வேண்டும். மற்ற நேரம் அணைத்துவிட வேண்டும். நாள் முழுக்க ஆன் செய்து வைத்தால் மறுநாளே பேட்டரி காலி. ஐந்தைந்து நிமிடமாகக் கேட்டால் பல நாள் வரும். எந்த அலைவரிசை, யார் மேட்டுக்குப் போவது, கேட்கவில்லை என்றால் அடுத்தது எது... எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. தானேயின்போது எங்களிடம் செட் இருந்திருந்தாலும் இந்த ஏற்பாடு இல்லாமல் பிரயோஜனம் இருந்திருக்காது என்பது சித்தப்பா கட்சி.

சில்வர் பீச் ஒட்டியே தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. இந்தக் கரையும் தப்பவில்லை. இப்போது படகுகளில் வி.எச்.எஃப். செட் பார்க்க முடிகிறது. அது கடலுக்கான தனி அலைவரிசை. ஆபத்து என்றால் 16-ம் சேனல். ஹாம் செட்டுக்காரர்கள் அதில் புகுந்து பேசக் கூடாது.

இங்கிருந்து வடக்கே, புதுச்சேரிக்குச் சேர்ந்த நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம். சுனாமி அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஒரு போன் எத்தனை வீட்டுக்குப் போகும்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராம அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கதவை உடைத்துத் திறந்து, மைக்கில் அறிவித்து, ஊரையே மேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மணலில் நின்றபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு இடத்தில் கேட்டதை உரக்கத் திருப்பிச் சொன்ன அந்த ஒலிபெருக்கியும் ஒரு ரிப்பீட்டர்தான்.

மதியம் அப்படியே சிதம்பரம் போனேன். கடலூரிலிருந்து 45 கிலோமீட்டர். தம்பி மலையை விட்டு இறங்காமல் வேர்க்கடலை தின்றபடி காத்திருந்தான், பாவம். வழியில் இறங்கி இறங்கிக் கூப்பிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் குரல் உடைய ஆரம்பித்தது. புதுச்சத்திரத்தில் வெறும் இரைச்சல். சிதம்பரம் கிழக்கு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது, கை கூப்புவதற்கு முன்பே ‘எத்தனை மீட்டர் இருக்கும்? இதன் உச்சியில் ஒரு ஆன்டெனா இருந்தால்...’ என்று மனசு ஓடியது. நடராஜர் மன்னிப்பாராக. ரேடியோ பிடித்தவர்களுக்கு உயரமான எதைப் பார்த்தாலும் இந்த வியாதி வரும். சித்தப்பாவுக்கு பெங்களூரு தெளிவாகக் கேட்கிறது, பக்கத்துச் சிதம்பரம் கேட்கவில்லை! அதனால் அடுத்து சிதம்பரம் உறவுக்காரர் ஒருவரைப் பரீட்சை எழுதவைத்து, அவர் வீட்டு மாடியிலும் ஒரு 20 மீட்டர் கம்பி கட்டுவது என்று திட்டம். அவர் மனைவியிடம் துணிக்கொடி என்றே சொல்லப்போகிறாராம்.

திரும்பும் வழியில் கேப்பர் மலைப் பக்கம் வந்ததும் செட் உயிர் பெற்றது. சித்தப்பா குரலுக்குப் பின்னால் சித்தி குரல். “என்னங்க, வரும்போது துறைமுகத்துல மீன் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.” சித்தப்பா பட்டனை விட்டுவிட்டார். ஹாம் ரேடியோவில் மூன்றாம் ஆள் செய்தியை அனுப்பக் கூடாது. பேரிடருக்கு மட்டும்தான் விலக்கு. “அதெல்லாம் செல்லுல சொல்லு” என்றாராம்.

சித்தி செல்லில் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். நான் செட்டையே காதில் வைத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. ராத்திரி ரசமும் அப்பளமும்தான்.